கார் ஷெட் பக்கத்துக் கதவு

குன்னூருக்குக் கீழே, தேயிலைத் தோட்டத்துக்கு நடுவில் இருந்த அந்தப் பழைய பங்களாவின் ஆபீஸ் அறையில் ஷண்முகப்ரியா அன்றைய செய்தியைத் தமிழில் அடித்துக்கொண்டிருந்தபோதுதான் வெளியே பெண்களின் கூச்சல் கேட்டது. ‘எதிரே வருகிறவருக்கு என்ன தேவை என்று ஒரு கணம் நின்று பாருங்கள். புத்தர் சொன்ன அன்பு அங்கேதான் தொடங்குகிறது’ என்பது வரை வந்திருந்தாள். பங்களா இப்போது தியான இல்லம். வந்து தங்கிப்போனவர்களுக்கெல்லாம் தினமும் காலையில் அன்றைக்குச் செய்ய வேண்டிய ஒரு சின்ன உதவியைச் சொல்லிப் போனில் செய்தி போகும். இல்லத்தை நடத்தும் மனோகரன் ஆங்கிலத்தில் எழுதுவார். அதைத் தமிழாக்குவது ப்ரியா. பொள்ளாச்சி மில் ஆபீஸில் நாளெல்லாம் ஏச்சு வாங்கிவிட்டு இங்கே வந்தவளுக்கு அந்த வரிகள் வெறும் வேலையாகத் தெரியவில்லை. பஸ்ஸில் எழுந்து இடம் கொடுத்தாள். வீட்டுக்காரம்மாவின் கால் வீக்கத்துக்கு வெந்நீர் வைத்துக் கொடுத்தாள். எழுதியதை அவள் நம்பினாள்.

ஓடிப்போய்ப் பார்த்தாள். கொழுந்து பறிக்கும் வீரம்மாவை இரண்டு பெண்கள் கைத்தாங்கலாகச் சரிவிலிருந்து மேலே ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஒதுங்குவதற்காகச் செடிகளுக்குள் இறங்கியிருக்கிறாள். உட்கார்ந்த இடத்துக்குப் பக்கத்திலேயே காட்டு மாடு நின்றிருக்கிறது. அலறி எழுந்து ஓடியதில் வாய்க்காலில் விழுந்து வலது கை முறிந்துவிட்டது. சேலை நனைந்திருந்தது. அது வாய்க்கால் தண்ணீர் இல்லை. அந்த வலியிலும் இடது கையால் கொசுவத்தை இழுத்து இழுத்து மறைத்துக்கொண்டே வந்தாள்.

கார் ஷெட்டை ஒட்டி ஒரு கழிவறை இருந்தது. பங்களா ஆளில்லாமல் கிடந்த வருடங்களில் அந்தப் பக்கம் வேலைக்கு வரும் பெண்கள் எல்லோருக்கும் அதுதான். மலைக்காட்டில் வேறு இடம் கிடையாது. இல்லம் வந்து சுவருக்கு வெள்ளை அடித்ததும் மனோகரன் அதற்குப் பூட்டுப் போட்டார். திறந்து விடலாமே என்று ப்ரியா முன்பே கேட்டிருக்கிறாள்.

“கெஸ்ட்டுங்க மௌனத்துக்குன்னுதான் வர்றாங்க ப்ரியா. இவங்க வந்தா ஒரே பேச்சு. அப்புறம் சுத்தம்னு ஒண்ணு இருக்குதில்லீங்களா?” என்றார். மென்மையாகத்தான் சொன்னார். அவர் எதையும் மென்மையாகத்தான் சொல்வார். இதே பெண்களுக்குப் போன மாதம் விருந்தினர்கள் டம்ளரில் டீ ஊற்றிக் கொடுத்ததைப் படம் எடுத்து எல்லோருக்கும் அனுப்பியிருந்தார்.

எஸ்டேட் ஜீப்பில் வீரம்மாவுடன் ப்ரியாவும் ஆஸ்பத்திரிக்குப் போனாள். மாவுக்கட்டுப் போட்டு முடித்த பிறகு, “ரொம்ப வலிக்குதாக்கா?” என்று கேட்டாள்.

சின்னப் பிள்ளையாக இலங்கையிலிருந்து கப்பலேறி வந்தவள் வீரம்மா. வந்த நாளிலிருந்து இந்த மலைதான். “கை கிடக்கட்டும் புள்ள. அத்தன பேரு முன்னால சேலையோட ஆயிப்போச்சே,” என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

திரும்பி வந்தபோது கூடத்தில் விருந்தினர்கள் வெள்ளை உடையில் கண்மூடி உட்கார்ந்திருந்தார்கள். மனோகரன் வெளியே வந்து தாழ்ந்த குரலில், “வீரம்மாவுக்குத்தான் அன்பை அனுப்பிட்டிருக்கோம். நாளைக்கு மெசேஜ்லயும் இதையே போட்டுருவோம். எல்லாரும் அவங்களுக்காக ஒரு நிமிஷம் உக்காரட்டும்,” என்றார்.

ப்ரியாவுக்குக் காதெல்லாம் சுட்டது. “சார், கார் ஷெட் பக்கத்துச் சாவியக் குடுங்க.”

“இப்ப நீங்க கோவத்துல இருக்கீங்க. மூச்சைக் கவனிங்க.”

“மூச்சு நல்லாத்தானுங்க சார் இருக்குது. சாவியத்தான் கேக்கறேன்.”

அவர் சிரித்துவிட்டு உள்ளே போய்விட்டார். அந்தச் சிரிப்பைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. மில்லில் ஏசியவர்கள் ஏசிவிட்டுப் போனார்கள். புத்தர் பேரைச் சொல்லிக்கொண்டு ஏசவில்லை. நேரே கார் ஷெட்டுக்குப் போய் ஜாக்கிக் கம்பியை எடுத்து வந்து கொண்டியில் நெம்பினாள். வரவில்லை. ஓங்கி அடித்தாள். அடித்துக்கொண்டே அழுதாள். கொண்டி ஆணியோடு பெயர்ந்து விழுந்தது.

உள்ளே பெயின்ட் டப்பாக்களும் ஒட்டடையும். எல்லாவற்றையும் வெளியே எடுத்துப் போட்டு, பினாயில் ஊற்றித் தேய்த்தாள். வாளி நிறையத் தண்ணீர் பிடித்து வைத்தாள். விருந்தினர் அறைக்கு வாங்கிய சந்தன சோப்பில் ஒன்றைப் பிரித்து மாடத்தில் வைத்தாள். உதவும்போது மனம் குளிர்ந்திருக்க வேண்டும் என்று அவளே எத்தனை முறை எழுதியிருக்கிறாள்! இப்போது மனம் கொதித்துக்கொண்டிருந்தது. ஆனாலும் தரை சுத்தமாகத்தான் ஆனது.

மறுநாள் காலை, மனோகரன் எழுதித் தந்ததை ஒதுக்கி வைத்துவிட்டுத் தானே எழுதினாள். ‘கார் ஷெட் பக்கத்துக் கழிவறை இன்றுமுதல் திறந்திருக்கும். கொழுந்து பறிக்கும் பெண்கள் வரலாம். அது பூட்டிக் கிடந்ததால்தான் வீரம்மா என்கிற அம்மாவின் கை முறிந்தது.’ அனுப்பியும் விட்டாள். இதயங்களும் கூப்பிய கைகளுமாக வந்து விழுந்தன. நடுவில் யாரோ கேட்டிருந்தார்கள்: ‘பூட்டியது யார்?’

மனோகரன் போனோடு வந்தார். அவர் குரல் உயர்ந்து அன்றைக்குத்தான் கேட்டாள். “யாரைக் கேட்டு அனுப்புனீங்க? இங்க வேல வேணுமா வேண்டாமா உங்களுக்கு?”

“வேணுங்க சார்,” என்றாள். ஊரில் இருக்கும் தன் அம்மாவின் முகம் வந்து போனது. “ஆனா அதத் திரும்பப் பூட்டச் சொன்னா நான் பூட்ட மாட்டேனுங்க.”

அவர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு யாருடனோ பேச ஆரம்பித்தார். வேலை இருக்கிறதா போய்விட்டதா என்று தெரியாமலே ப்ரியா வெளியே வந்தாள்.

பனி இறங்கியிருந்தது. முதுகில் கொழுந்துப் பையோடு சரிவேறி வந்த ஒருத்தி, கழிவறை வாசலில் நின்று பங்களா ஜன்னல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். பையை எங்கே வைப்பது என்றும் தெரியவில்லை, கீழே எல்லாம் சேறு. கூடத்திலிருந்து விருந்தினர் ஒருத்தர் இறங்கி வந்தார். நடுவயதுப் பெண். மார்பில் ‘மௌனம்’ என்று எழுதிய அட்டை. ஒன்றும் பேசாமல் இரண்டு கைகளையும் நீட்டினார். பறிக்கிறவள் தயங்கித் தயங்கிப் பையைக் கழற்றிக் கொடுத்தாள். அதன் கனம் தெரியாமல் வாங்கிய அந்த அம்மாள் ஒருபக்கம் சாய்ந்து, சமாளித்து, பிள்ளையைத் தூக்குகிற மாதிரி இடுப்பில் ஏற்றிக்கொண்டார். கொழுந்தின் ஈரம் வெள்ளை உடையில் கரும்பச்சையாக இறங்கியது. கழிவறைக்குள்ளிருந்து தாழ் போடும் சத்தம் கேட்டது.