ஜனவரியில் அனுப்பிய பதினோரு பேர்

செவிலிமேட்டிலிருந்து வந்த டவுன் பஸ் மூங்கில் மண்டபம் முக்கில் நெரிசலில் நின்றுகொண்டிருந்தது. முன் சீட்டு அம்மாள் ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். திரும்பித் திரிஷாவைப் பார்த்தாள். மறுபடி வெளியே பார்த்துவிட்டு, "அது நீதானம்மா?" என்று கேட்டாள்.

திரிஷா குனிந்து பார்த்தாள். மருந்துக்கடைக்குப் பக்கத்தில் ஓராள் உயரத்துக்கும் மேலாக அவள் முகம். கழுத்தில் கம்ப்யூட்டரில் வரைந்து மாட்டிய ஸ்டெதாஸ்கோப். 'எங்கள் மாணவி. எங்கள் பயிற்சி. 541 மதிப்பெண். அரசு மருத்துவக் கல்லூரியில் இடம்.' கீழே, 'வெற்றிப்படி நீட் அகாடமி. புதிய பேட்ச் சேர்க்கை நடைபெறுகிறது.'

அவள் அங்கேயே இறங்கிக்கொண்டாள். பேனருக்கு முன்னால் போய் நின்றபோது உள்ளங்கால் வரைக்கும் சுட்டது. பெருமையாக இருக்க வேண்டிய இடத்தில் இப்படி எரிச்சல் வருகிறதே என்று அவளுக்கே வியப்பாக இருந்தது.

வெற்றிப்படியில் அவள் படித்தது உண்மைதான். பிளஸ் டூ முடித்த கையோடு போன ஜூனில் சேர்ந்தாள். ஜனவரியில் மூன்றாவது மாதிரித் தேர்வு முடிந்ததும், முந்நூற்றைம்பதுக்குக் கீழே வாங்கிய பதினோரு பேரை மட்டும் பெற்றோரோடு வரச் சொன்னார்கள். அகாடமியை நடத்தும் தேவேந்திரன் சார் குரலை உயர்த்திப் பேசுகிறவர் இல்லை. "அக்கறையிலதான் சொல்றேன். இந்த மே மாசத்துக்கு இவங்க தயாராக மாட்டாங்க. வீணா எழுதி மனசு ஒடைஞ்சு போக வேணாம். அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்" என்றார். பெற்றோர்கள் ஆளுக்கொரு தாளில் கையெழுத்துப் போட்டார்கள். பதினோரு பேரும் கழுத்திலிருந்த அடையாள அட்டையைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு மாடிப்படி இறங்கினார்கள்.

எழுதியவர்களில் நூற்றுக்கு எத்தனை பேர் தேறினார்கள் என்று மே மாதத்துக்குப் பிறகு நோட்டீஸ் அடிப்பார்களே, அந்த எண்ணுக்காகத்தான் இந்த அக்கறை என்று திரிஷாவுக்குப் புரிய இரண்டு வாரம் ஆயிற்று. அதற்குள் பதினோரு பேரில் ஒன்பது பேர் தேர்வுக்கு விண்ணப்பிக்கிற யோசனையையே விட்டிருந்தார்கள். மிஞ்சியது திரிஷாவும் ஜீவிதாவும்.

இருவரும் நூலகத்தில், செய்தித்தாள் படிக்க வரும் பெரியவர்களுக்கு நடுவே ஒரு மேஜையைப் பிடித்தார்கள். பழைய கேள்வித்தாள்களை ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு காலை ஒன்பதிலிருந்து மூடும் வரை உட்கார்ந்தார்கள். இயற்பியலில் சுழற்சி இயக்கம் என்றாலே திரிஷா பயந்து பக்கத்தைப் புரட்டிவிடுவாள். ஜீவிதா அவளைப் பிள்ளையார்பாளையத்தில் தன் வீட்டுக்கு அழைத்துப்போய், அம்மா தறிக்கு நூல் தார் சுற்றும் ராட்டையைச் சுழலவிட்டு, கையை விளிம்பில் வைக்கச் சொல்லி, பிறகு அச்சுக்குப் பக்கத்தில் வைக்கச் சொல்லிப் புரியவைத்தாள். அன்றோடு அந்தப் பயம் போயிற்று.

தேர்வில் திரிஷா ஐந்நூற்று நாற்பத்தொன்று வாங்கினாள். அரசுப் பள்ளி மாணவர்களுக்கான ஒதுக்கீட்டில் இடமும் கிடைத்தது. அவளுக்கு இயற்பியல் சொல்லிக்கொடுத்த ஜீவிதா, உயிரியலில் நேரம் போதாமல் இருபத்தாறு கேள்விகளை விட்டுவிட்டு வந்து நானூற்றுப் பத்தொன்பதில் நின்றாள்.

பேனருக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தவள் நேராக அகாடமிக்குப் போய் மாடியேறினாள். தேவேந்திரன் சார் எழுந்து நின்று வரவேற்றார்.

"வாம்மா டாக்டர். பேனர் பார்த்தியா?"

"அதை எடுத்துடுங்க சார்."

"ஏன், படம் நல்லாயில்லையா?"

"நீங்க என்னை அனுப்பிட்டீங்க சார்."

அவர் சிரித்தார். "ஏழு மாசம் இங்க படிச்சியா இல்லையா? உனக்கு கெமிஸ்ட்ரி யாரு சொல்லிக்குடுத்தது?"

"நீங்கதான்."

"அப்புறம் நான் என்ன பொய் எழுதிட்டேன்?"

அவர் கெமிஸ்ட்ரி நன்றாகத்தான் நடத்துவார். அதை எப்படி இல்லையென்று சொல்வது? "ஏழு மாசம் படிச்சதைப் போடுங்க. ஜனவரியில அனுப்புனதையும் சேர்த்துப் போடுங்க" என்றாள்.

தேவேந்திரன் அலமாரியைத் திறந்து ஒரு தாளை எடுத்து அவள் பக்கம் திருப்பி வைத்தார். 'என் மகளை என் சொந்த விருப்பத்தின் பேரில் பயிற்சியிலிருந்து நிறுத்திக்கொள்கிறேன்.' கீழே அவள் அப்பாவின் கையெழுத்து.

"நான் யாரையும் அனுப்பலம்மா. நீங்களா போனீங்க." அதே மெல்லிய குரலில் தொடர்ந்தார். "உன் ஃப்ரெண்டு ஜீவிதா கொஞ்சத்துல தவற விட்டுட்டா. நல்ல பொண்ணு. அவளை இந்த வருஷம் ஏ பேட்ச்ல உட்கார வெக்கிறேன். ஃபீஸ் வேணாம். நீ இதைப் பெருசு பண்ணாம இரு. அவ வாழ்க்கை உன் கையிலதான் இருக்குது."

அவள் அப்பாவின் கையெழுத்தை இன்னொரு முறை பார்த்துவிட்டு இறங்கினாள்.

அப்பா கிறிஸ்டோபர் கல்யாண மண்டபங்களுக்கும் திருவிழாக்களுக்கும் சீரியல் லைட் கட்டுகிறவர். சாப்பாட்டு வேளைக்கு வீட்டுக்கு வந்தவரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டுவிட்டுச் சொன்னார்.

"உனுக்கு சீட்டு வந்துருச்சு. அந்தப் பொண்ணுக்கும் ஒரு வழி ஆவுது. உட்டுட்டுப் போம்மா."

"அந்தப் பேப்பர்ல இன்னா எழுதியிருந்துச்சுன்னு பார்த்தியாப்பா?"

அவர் கை நின்றது. "படிக்கல. பக்கத்துல எல்லாரும் போட்டுக்கினு இருந்தாங்க. நானும் போட்டேன்." தண்ணீரைக் குடித்துவிட்டு எழுந்து போய்விட்டார்.

மறுநாள் முழுவதும் திரிஷா ஜீவிதாவைப் பார்க்கப் போகவில்லை. போனால் சொல்ல வேண்டும். சொன்னால் ஜீவிதா சரி என்றுகூடச் சொல்லலாம். அப்படிச் சொன்னால் வாயை மூடிக்கொண்டு பேனரில் இருக்கும் தன் முகத்தைத் தினமும் கடந்து போக வேண்டியதுதான். ஜீவிதாவுக்காக அதைக்கூடச் செய்யலாம் என்று ஒரு நேரம் தோன்றியது. அடுத்த நேரமே வேண்டாம் என்று தோன்றியது. மூன்றாம் நாள் காலை பொறுக்க முடியாமல் பிள்ளையார்பாளையத்துக்குப் போனாள்.

உள்ளே ஜீவிதாவின் அப்பா தறியில் இருந்தார். ஜீவிதா வாசலில் உட்கார்ந்து மடியில் உயிரியல் புத்தகத்தை வைத்துக்கொண்டு தார் சுற்றிக்கொண்டிருந்தாள். திரிஷா சொல்லி முடிக்கும்வரை ராட்டையை நிறுத்தவில்லை. முடித்த பிறகும் கொஞ்ச நேரம் சுற்றினாள்.

"ஆசையா இருக்குதுடி" என்றாள் கடைசியில். "பொய் சொல்ல மாட்டேன். ஏ பேட்ச்னா தினம் டெஸ்ட்டு, தனி ஹாலு, எல்லாம் இருக்குது."

"அப்போ சரின்னு சொல்லிடட்டுமா?"

"ஜனவரியில மறுபடி முந்நூத்து நாப்பது வாங்குனா?"

திரிஷா அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"உன் மூஞ்சியக் குடுத்து எனக்கு பெஞ்சு வாங்குனா, அந்த பெஞ்சுல நான் எப்டிடி உட்காருவேன்? அந்தப் பேனரைப் பார்த்து இன்னும் நூறு பேரு சேருவாங்க. அதுலயும் ஒரு பதினோரு பேரைக் கூப்புட்டுக் கையெழுத்து வாங்குவாரு." ராட்டையை ஓரமாகத் தள்ளி வைத்தாள். "இயற்பியல் நான்தானே சொல்லிக்குடுத்தேன். என் பேரு எங்க அதுல?"

அன்று மதியம் திரிஷா வீட்டில், நடந்ததைப் பேனர்மேலேயே எழுதப்போவதாகச் சொன்னபோது கிறிஸ்டோபர் குறுக்கே பேசவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு, "ஏணி கல்யாண மண்டபத்துல கெடக்குது. பெயிண்டு இன்னா கலர்ல வேணும்?" என்று மட்டும் கேட்டார்.

சனிக்கிழமை காலை பதினோரு மணி. மூங்கில் மண்டபம் முக்கில் கூட்டத்துக்குக் குறைவில்லை. கிறிஸ்டோபர் ஏணியைச் சாத்தி ஏறப் போனார். திரிஷா அவர் கையிலிருந்து பெயிண்ட் டப்பாவை வாங்கிக்கொண்டாள்.

"நீ புடிச்சுக்கப்பா. இது நான் எழுத வேண்டியது."

அவர் ஏணியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். அவள் ஏறி, 'எங்கள் பயிற்சி' என்பதன்மேல் சிவப்புப் பெயிண்டால் ஒரு கோடு இழுத்தாள். தன் முகத்துக்குக் கீழே வெள்ளையாக இருந்த இடத்தில் பெரிய எழுத்தில் எழுதினாள்: 'ஜனவரியில் வேண்டாம் என்று அனுப்பினார்கள். பதினோரு பேரை.' அடுத்த வரியில், 'எனக்கு இயற்பியல் சொல்லிக்கொடுத்தது ஜீவிதா.'

கீழே நின்ற ஜீவிதா, "வேண்டாம்ல ண்-ணுக்குப் புள்ளி இல்ல" என்றாள். திரிஷா புள்ளி வைத்தாள். சிலர் போனை உயர்த்திப் படம் பிடித்தார்கள். வண்டிகள் மெதுவாகப் போயின.

யார் சொன்னார்களோ, தேவேந்திரன் சார் வந்துவிட்டார். பின்னாலேயே போக்குவரத்தைப் பார்த்துக்கொண்டிருந்த காவலர் சிட்டிபாபுவும் வந்தார்.

"இன்னா பண்ணிக்கினு இருக்கற? எறங்கு கீழ" என்றார் காவலர்.

திரிஷா இறங்கினாள். கையெல்லாம் சிவப்பு.

"அடுத்தவங்க பேனர்ல எழுதலாமா?"

"அது என் மூஞ்சி சார்" என்றாள். "அதைப் போட என்னை யாரும் கேக்கல."

காவலர் மேலே பார்த்தார். அவளைப் பார்த்தார். தேவேந்திரன் பக்கம் திரும்பி, "பேனருக்கு பர்மிஷன் வாங்கியிருக்கீங்களா சார்?" என்று கேட்டார்.

தேவேந்திரன் பேச்சை மாற்றினார். "இவங்க அப்பா கையெழுத்துப் போட்ட பேப்பர் எங்கிட்ட இருக்குது" என்றார்.

"இருக்குது" என்றார் கிறிஸ்டோபர். ஏணியிலிருந்து அவர் கையை எடுக்கவில்லை. "நான்தான் போட்டேன். படிக்காம போட்டேன். அதையும் கொண்டாந்து இதும்பக்கத்துல ஒட்டுங்க சார். எல்லாரும் படிக்கட்டும்."

தேவேந்திரன் முதன்முறையாகக் குரலை உயர்த்தினார். "நன்றி கெட்டதுங்க."

"கெமிஸ்ட்ரிக்கு நன்றி சார்" என்றாள் திரிஷா. "அதை எங்க கேட்டாலும் சொல்வேன். இதையும் சொல்வேன்."

காவலர் கூட்டத்தைக் கலைத்தார். பேனரைச் சாயங்காலத்துக்குள் இறக்கிவிட வேண்டும் என்று தேவேந்திரனிடம் சொல்லி அனுப்பினார். பிறகு திரிஷாவைத் தனியாகக் கூப்பிட்டார். வழக்கு என்று ஏதாவது சொல்லப்போகிறார் என்று அவள் காத்திருந்தாள்.

"எம்பொண்ணு அங்கதான் படிக்குது" என்றார். "மொத டெஸ்ட்ல முந்நூத்திப் பத்து. எதுலனா கையெழுத்து கேப்பாங்களா?"

"கேப்பாங்க சார். போடாதீங்க."

அவர் தலையாட்டிவிட்டு மறுபடி சாலைக்குப் போனார்.

சாயங்காலம் பேனர் இறங்கியது. அடுத்த வாரம் அதே இடத்துக்குப் பக்கத்துச் சுவரில் வேறு ஐந்து முகங்களோடு சின்ன பேனர் ஒன்று வந்தது. பேட்சும் நிரம்பியது. ஆனால் சேர்க்க வந்தவர்கள் சிலர், போன வருஷம் சேர்ந்தவர்கள் எத்தனை, எழுதியவர்கள் எத்தனை என்று கேட்டதாகவும், அலுவலகத்தில் இருந்தவர்கள் பதில் சொல்லத் திணறியதாகவும் ஊரில் பேச்சு அடிபட்டது. பதினோரு பேரில் ஒருத்தியான சுகாசினி, ஒரு ஜவுளிக்கடை வேலையிலிருந்து ஜீவிதாவுக்குப் போன் செய்து, "அந்த லைப்ரரி மேஜையில எடம் இருக்குதா?" என்று கேட்டாள். அவளுக்குப் பின்னால் இன்னும் மூன்று பேர் வந்தார்கள்.

திரிஷா கல்லூரிக்குக் கிளம்பும் நாளில் வழியனுப்ப வருவாயா என்று ஜீவிதாவைக் கேட்டாள்.

"அன்னிக்கு எங்களுக்கு மாதிரித் தேர்வு. மூணு மணி நேரம். வர மாட்டேன்."

திரிஷாவுக்குக் கோபம் வரவில்லை. அன்று பெட்டியோடு அப்பாவை பஸ் ஸ்டாண்டுக்கு அனுப்பிவிட்டு நூலகத்துக்குப் போனாள். ஐந்து தலைகள் கேள்வித்தாளுக்குமேல் குனிந்திருந்தன. மேஜை நடுவில் ஒரு டைம்பீஸ். பக்கத்து மேஜைப் பெரியவர் பேப்பரைச் சத்தமில்லாமல் மடித்துக்கொண்டிருந்தார்.

ஜீவிதா உயிரியல் பகுதியில் இருந்தாள். வேகமாகப் பக்கத்தைத் திருப்பினாள். வாசலில் நிழல் விழுந்ததை உணர்ந்து, நிமிராமலே இடது கையை உயர்த்திக் காட்டினாள்.

"இன்னும் நாப்பது நிமிஷம் இருக்குது. பேசாத."