ஃப்ரிட்ஜுக்கும் ஒரு நாள் ஓய்வு

தொண்ணூற்று நாலில், ஆயுத பூஜைக்கு மறுநாள் காலை. ஆய்வகத்துக்குள் நுழைந்தேன். ஃப்ரிட்ஜின் சத்தத்தையே காணோம். கதவில் பட்டை பட்டையாகச் சந்தனம், நடுவில் குங்குமம். பிளக் தரையில் கிடந்தது.

"யாரு இந்த வேலையப் பார்த்தது?" என்று கத்தினேன்.

கூட்டிக்கொண்டிருந்த இசக்கித்தாய் பைய நிமிர்ந்தாள். "சார்தான்மா புடுங்கினாவ. மிஷினெல்லாம் ஒரு நாளாவது இளைப்பாறட்டும்னாவ."

சார் என்றால் பேராசிரியர் குற்றாலலிங்கம், என் கைடு. நாசமாய்ப் போச்சு! உள்ளே இருந்த ஒரே புட்டியில், பாக்டீரியாவிலிருந்து மாதக்கணக்காகப் பாடுபட்டு நான் பிரித்தெடுத்த என்சைம். ஃபியூமரிக் அமிலத்தையும் அம்மோனியாவையும் சேர்த்து அமினோ அமிலமாக்கும் சரக்கு. குளிர் போனால் அதன் உயிரும் போய்விடும். அதைப் பார்க்கத்தான் மெட்ராஸ் கம்பெனிக்காரர்கள் நெல்லை எக்ஸ்பிரஸில் வந்து இறங்கியிருந்தார்கள். வேலை செய்தால் என் ஆராய்ச்சிச் செலவு அவர்கள் பொறுப்பு. இல்லையென்றால் படிப்புக்கு முழுக்குப் போட்டுவிட்டு நாங்குநேரிக்கு பஸ் ஏற வேண்டியதுதான்.

புட்டி வெதுவெதுப்பாக இருந்தது. கையுறைகூடப் போடாமல் அவசரமாகக் கலவை போட்டேன். பிறகு அதில் ஒரு சொட்டைக் காகிதத்தில் வைத்து, காகிதத்தின் அடியைக் கரைப்பானில் நிறுத்தி மேலே ஏறவிட்டேன். மருந்து தெளித்துச் சூடாக்கினால் அமினோ அமிலம் நிற்கும் இடம் ஊதாவாகும். "தாயே காந்திமதி, காப்பாத்து" என்று முனகியபடியே காகிதத்தைச் சூட்டுப்பெட்டியிலிருந்து வெளியே எடுத்தேன்.

"வந்துட்டுல்லா!" முதுகுக்குப் பின்னால் சாரின் குரல். வாயெல்லாம் பல். "ஊதா ஊதாவா நிக்கி பாரு!"

ஊதா இருந்தது, ஓரங்களில். இருக்க வேண்டிய இடம் வெள்ளை வெளேரென்று கிடந்தது.

"சார், அது என் கைவேர்வை. விரல்ல உள்ள அமினோ அமிலம் ஒட்டியிருக்கு. என்சைம் செத்துப்போச்சு."

அவர் சிரிப்பு நின்றது. பிளக்கைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். "ஃப்ரிட்ஜ யாரு அணைச்சா?"

நான் இசக்கித்தாயைப் பார்த்தேன். அவள் கூட்டின இடத்தையே திரும்பக் கூட்டினாள். "எனக்குத் தெரியாது சார்."

"சாவி உங்கிட்டயும் இருக்குல்லா, அனுராதா?"

சாரைப் பார்த்து, பொய் சொல்லாதேயும் வே என்று கத்த நாக்கு துடித்தது. ஆனால் என் ஆய்வேட்டில் கையெழுத்துப் போட வேண்டியவர் அவர்தான். இந்தக் கம்பெனி போனால் இன்னொன்று வரலாம், அந்தக் கையெழுத்துக்கு வேறு ஆள் கிடையாது.

"ஆமா சார்," என்றேன். "நான்தான் அணைச்சேன்."