வெட்டாறு என்ற கணினி

ஆயுத பூஜைக்குக் கணினியை அணைத்தே ஆக வேண்டுமா என்று நான் அன்றைக்கே கேட்டேன். எங்கள் மேலாளர் சந்தானகிருஷ்ணன் சார் கையில் சந்தனக் கிண்ணத்தோடு நின்றுகொண்டிருந்தார். "ஒரு மணி நேரம் அதுவும் ஓய்வெடுக்கட்டுமே ஹரி. உனக்கு மட்டும்தான் லீவா?" என்றார். பொட்டு வைத்தோம், பொரிகடலை தின்றோம், மறுபடி கணினியைப் போட்டோம். பச்சை விளக்கு எரிந்தது. மறுநாள் விஜயதசமிக்கும் விடுமுறை என்பதால் அவரவர் வீட்டைப் பார்க்கப் போய்விட்டோம்.

தஞ்சாவூரில் எங்களுடையது சின்ன அலுவலகம். மழை வரப்போகிறது என்றால் டெல்டா விவசாயிகளின் போனுக்குக் குரல் வழியே தகவல் சொல்வது எங்கள் வேலை. "மழை வருகிறது, நெல்லை மூடி வையுங்கள்" என்று பேசுவது அனுராதாவின் குரல். குரல் கொடுக்கத் தனியாக ஆள் பிடிக்கச் சாருக்கு மனசு வரவில்லை, சிஸ்டம் பார்க்கிற பெண்ணையே பேச வைத்துவிட்டார். திருக்காட்டுப்பள்ளியில் இருக்கும் அவளுடைய அப்பா பஞ்சநதத்துக்கு அதில் ஏகப் பெருமை. போன் வந்தால் ஸ்பீக்கரில் போட்டு, "என் பொண்ணு பேசுது" என்று நாலு பேரைக் கூப்பிட்டுக் கேட்க வைப்பார்.

விஜயதசமி அன்று பிற்பகல் மழை கொட்டித் தீர்த்தது. ஒருவருக்கும் எங்களிடமிருந்து போன் போகவில்லை.

மறுநாள் அலுவலகத்தைத் திறந்ததும் வசவுதான். குறுவை அறுவடை நேரம், பாதி ஊரின் நெல் ரோட்டோரம் கிடக்கிறது. அனுராதா முதலில் அப்பாவைத்தான் கூப்பிட்டாள்.

"நனைஞ்சுதாம்மா போச்சு. நீ ஒண்ணும் சொல்லலையேன்னு சாப்புட வீட்டுக்குப் போயிட்டேன். பரவால்ல, இப்ப வெயில் நல்லா அடிக்குது. பரப்பி விட்டிருக்கேன். ரெண்டு நாள் காஞ்சா தேறிடும்."

அவர்களுடைய குறுவை மொத்தமும் அந்த ரோட்டில்தான் கிடந்தது. போனை வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு வேலையில் உட்கார்ந்தாள்.

கேபிளைப் பார்த்தோம். போன் கம்பெனியோடு சண்டை போட்டோம். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. எந்த வேலையை எந்தக் கணினி எப்போது செய்ய வேண்டும் என்று ஏவுகிற ஷெட்யூலர் மென்பொருளைத் திறந்தால், ஒவ்வொரு வேலைக்கும் எதிரே ஒரே பதில்: வெட்டாறு கிடைக்கவில்லை, காத்திருக்கிறேன். விவசாயிகளுக்குப் பேசுகிற கணினியின் பெயர் வெட்டாறு. எங்கள் கணினிகளுக்கெல்லாம் ஆற்றுப் பெயர்தான். கிடைக்கவில்லை என்று சொல்லப்பட்ட அந்தக் கணினியோ பொட்டும் பூவுமாகக் கண்ணெதிரே ஓடிக்கொண்டிருந்தது.

மதியத்துக்கு மேல் அனுராதா அந்தக் கணினியிடமே அதன் ஹோஸ்ட்நேம், அதாவது தன்னை அது அடையாளம் சொல்லிக்கொள்ளும் பெயர், என்னவென்று கேட்டாள். குடமுருட்டி என்றது.

அவள் முகம் செத்துப்போயிற்று. கோடையில் பழைய வெட்டாறு பழுதானபோது, சும்மா கிடந்த குடமுருட்டிக்கு அந்தப் பெயரை வைத்தவள் அவள்தான். ஓடிக்கொண்டிருந்த கணினிக்குப் பெயரை மாற்றினாளே தவிர, அணைத்துப் போட்டாலும் நிலைக்கும்படி கோப்பில் எழுத விட்டுப்போயிற்று. அதற்குப் பிறகு அதை யாரும் அணைக்கவே இல்லை. பூஜையன்று அணைத்துப் போட்டதும் அது தன் சொந்தப் பெயருக்குத் திரும்பிவிட்டது.

"நான்தான் ஹரி இதுக்குக் காரணம்" என்றாள்.

"சந்தனம்னு சொல்லு" என்றேன், சார் காதில் விழும்படி.

இந்த முறை கோப்பில் எழுதினாள். ஷெட்யூலர் வெட்டாற்றைக் கண்டுகொண்டது. சிவப்பாக நின்ற வரிகள் ஒவ்வொன்றாகப் பச்சையாயின. சார் மிச்சமிருந்த பொரிகடலையை நீட்டினார், நாங்களும் வெட்கமில்லாமல் தின்றோம். காத்திருந்த வேலைகள் எவை என்று கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

மறுநாள் காலை முதல் போனை நான் எடுத்தேன். "நேத்து சாயங்காலம் மூணு தடவ மழை வருதுன்னு சொன்னீங்க. வானத்துல ஒரு மேகம் இல்ல. வெளையாடுறீங்களா?" என்றார் யாரோ ஒரு விவசாயி.

தேங்கிக் கிடந்த விஜயதசமி எச்சரிக்கைகளை ஷெட்யூலர் ஒன்று விடாமல் அனுப்பி வைத்திருந்தது. அனுராதா அப்பாவைக் கூப்பிட்டாள், எடுக்கவில்லை. என் வண்டியில் ஏறிக்கொண்டாள்.

வழியெல்லாம் நெல் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. அவள் ஊர் எல்லையில் பக்கத்து வயல்காரர் வீரையன் தன் நெல்லைக் காலால் கிளறிக்கொண்டிருந்தார். "வெயிலப் பாத்தாலே தெரியுதே, நாங்க யாரும் மூடல. ஒங்கப்பாதான் கேக்க மாட்டேன்னுட்டாரும்மா" என்றார்.

நெல்லைக் குவித்துத் தார்ப்பாயால் மூடி, ஓரமெல்லாம் செங்கல் வைத்து, பக்கத்தில் துண்டை விரித்து உட்கார்ந்திருந்தார் பஞ்சநதம். மகளைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. "இந்தத் தடவ பத்திரமா மூடிட்டேம்மா. ராத்திரி பூரா இங்கயேதான் கெடந்தேன்" என்றார்.

நான் தார்ப்பாயை இழுத்தேன். ஆவி முகத்தில் அடித்தது. கையை விட்டால் சுட்டது, புளித்த வாடை வேறு. அள்ளிய நெல்லில் வெள்ளை வெள்ளையாக முளை கிளம்பியிருந்தது.

"அது முந்தாநாள் சொல்லியிருக்க வேண்டியதுப்பா" என்று அனுராதா ரோட்டிலேயே உட்கார்ந்து அழுதாள்.

அவர் நெல்லைப் பார்த்தார். பிறகு மகள் பக்கத்தில் மெல்ல உட்கார்ந்தார்.

"விடிஞ்சதுமே தொறக்கலாம்னுதான் உங்கம்மா சொன்னா" என்றார். "தொறக்கச் சொல்லி நீ இன்னும் பேசலையேன்னு இருந்துட்டேம்மா."