வந்து சேர்ந்தவர்களின் மணி

ரெலிபோன் மூன்று முறை அடித்து ஓய்ந்தது. யசோதினி அதைத் தொடவில்லை. மூன்று என்றால் ஒஸ்வால்ட். களனிப் பாலத்துச் சோதனைச்சாவடியைத் தாண்டி வத்தளையில் தன் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டார் என்று அர்த்தம். எடுக்கக் கூடாது, எண்ணினால் போதும்.

கொட்டாஞ்சேனையில், துறைமுகத்துக்கு வரும் சாமான்களைச் சுங்கத்திலிருந்து விடுவித்துக் கொடுக்கும் அந்தச் சின்ன ஒபிசில், கொழும்புக் கோட்டையில் குண்டு வெடித்த பிறகு வந்த வழக்கம் இது. சுற்றிவளைப்பில் பொலிஸ் யாரையாவது அள்ளிக்கொண்டு போனால் விடியும்வரை ஒருவருக்கும் தெரியவராது. ஆகவே வீடு போனதும் ஒபிசுக்கு அடித்து, தன் பங்கு மணியை ஒலிக்கவிட்டு வைத்துவிட வேண்டும். பியோன் தங்கையாவுக்கு ஒன்று, பற்றிக்குக்கு இரண்டு, ஒஸ்வால்டுக்கு மூன்று. யாரும் எடுக்காததால் காசும் இல்லை. மேல்மாடியிலேயே குடியிருந்த தலைமைக் கிளாக் புளோறன்ஸ் மிஸ், கடைசி மணி வரும்வரை போனுக்குப் பக்கத்தில் அடைகாக்கும் கோழிபோல உட்கார்ந்திருப்பார். செவ்வாய்க்கிழமைகளில் மட்டும் அவர் கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்குப் போக, முதலாளி ராசிக் அடைகாப்பார். இந்தச் செவ்வாய் ராசிக்கைச் சாமான் சோதனைக்காகத் துறைமுகத்தில் மறித்துவைத்திருந்தார்கள். அதனால் முட்டைகள் யசோதினியின் பொறுப்பில் வந்தன.

கம்பஸ் விடுமுறையில் பயிற்சிக்கு வந்தவள் அவள். வந்த நாளிலிருந்து பெற்ற பயிற்சி, போட்டோக்கொப்பி மெசினில் தாள் சிக்கினால் எந்த இடத்தில் குத்த வேண்டும் என்பதுதான். அதையும் தங்கையாதான் காட்டிக்கொடுத்தார். அவளுக்கு ஆசையெல்லாம் ரெலிபோனில். தான் தங்கியிருந்த வெள்ளவத்தை போடிங்கின் குளியலறைக் கண்ணாடிக்கு முன்னால், சோப்புப் பெட்டியைக் காதில் வைத்துக்கொண்டு, "குட் ஈவினிங், ராசிக் அன் சன்ஸ்" என்று பலமுறை சொல்லிப் பார்த்திருந்தாள். ராசிக்குக்கு மூன்றும் பெண்பிள்ளைகள் என்பது வேறு விஷயம்.

பற்றிக் இதை எப்படியோ மோப்பம் பிடித்துவிட்டான்.

"யசோ, கம்பஸில போன் எடுக்கிறதுக்கும் பாடம் இருக்கோ? ரெண்டு வருசமோ, மூண்டு வருசமோ?"

"உங்களுக்குப் பொலிசில எத்தினை வருசம்?" என்று அவள் திருப்பிக் கொடுத்தாள்.

அவன் சிரித்தான். அடையாள அட்டையில் மன்னார் என்று இருந்ததால் அவனை மாதத்துக்கு ஒருமுறையாவது பொலிசுக்குக் கொண்டுபோவார்கள். "அங்க நான் குந்துறதுக்கெண்டு ஒரு வாங்கு இருக்கு. மற்ற ஆக்கள் இருந்தா எழுப்பிவிட்டிருவன்" என்பான். அவன் இல்லாத நாட்களில் ஒபிசில் யாரும் அந்தப் பகிடியைச் சொல்லமாட்டார்கள்.

ரெலிபோன் மறுபடி அடித்தது.

அவள் எண்ணத்தான் இருந்தாள். ஆனால் முதல் மணி முழுதாக ஒலித்து முடியுமுன், ரிசீவர் காதிலும், "குட் ஈவினிங், ராசிக் அன் சன்ஸ்" வாயிலும் இருந்தன. குரல்கூடக் கண்ணாடிக்கு முன்னால் வந்ததைவிட நன்றாகவே வந்தது. அந்தப் பக்கம் ஒரு மூச்சு, பின்னால் ஏதோ வாகன இரைச்சல். பிறகு துண்டித்துவிட்டார்கள்.

அது தங்கையாவின் ஒன்றா? பற்றிக்கின் இரண்டில் முதலாவதா?

திரும்ப அடிக்கும் என்று பார்த்துக்கொண்டிருந்தாள். தெருவிளக்குகள் எரியத் தொடங்கியும் அடிக்கவில்லை.

புளோறன்ஸ் மிஸ் முக்காட்டுத் துணியை மடித்தபடி வந்தார். மெழுகுதிரி வாசம் கூடவே வந்தது. "எல்லாரும் அடிச்சாச்சோ பிள்ளை?"

தொண்டைவரைக்கும் ஒரு பொய் 'ஓம்' வந்தது. பயிற்சி முடிவில் அவளைப்பற்றி அறிக்கை எழுதப்போகிறவர் அவர்தான். ஆனாலும் அவள் அந்த 'ஓம்'ஐ விழுங்கினாள்.

"ஒஸ்வால்ட் சேர் அடிச்சிட்டார். பிறகு ஒண்டு வந்தது மிஸ். நான்... எடுத்திட்டன்."

"எடுத்திட்டீரோ? ஏன்?"

"கை எடுத்திட்டுது."

"கை எடுத்திட்டுதாம். யேசுவே! ஆர் எண்டு கேட்டீரோ?"

"கேக்க முந்தி வச்சிட்டினம்."

புளோறன்ஸ் மிஸ் பற்றிக்கின் லொட்ஜுக்கு அடித்தார். என்கேஜ். வெளிநாட்டு அழைப்புக்குக் காத்திருக்கும் ஒரு கூட்டமே அந்த லொட்ஜில் ஒரே போனைச் சுற்றிக் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தது. தங்கையாவோ தன் ஜிந்துப்பிட்டி ஒழுங்கை முனைத் தேத்தண்ணிக் கடையிலிருந்து அடிப்பவர். அந்தக் கடையின் நம்பர் யாரிடமும் இல்லை.

"எழும்பும். ஜிந்துப்பிட்டிக்கு நடப்பம். தங்கையா வீட்டில இருந்தா..." என்று தொடங்கிய புளோறன்ஸ் மிஸ் முடிக்கவில்லை.

முடிக்கத் தேவையும் இருக்கவில்லை. தங்கையா வீட்டில் இருந்தால் பற்றிக் வந்து சேரவில்லை. இல்லாவிட்டால் தங்கையா. ஒரு வீட்டுக்கு நல்ல செய்தி என்றால் மற்றதற்குக் கெட்ட செய்தி. வழியில் யாருக்காக வேண்டிக்கொள்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. இப்படியொரு விண்ணப்பத்தை அந்தோனியாரிடமும் வைக்க முடியாது, பிள்ளையாரிடமும் வைக்க முடியாது. செட்டியார் தெரு முனையில் சென்ரிக்காரன் அவளுடைய அடையாள அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்த நேரத்தில், பற்றிக்கின் மன்னார் அட்டையை எண்ணி, தங்கையா வீட்டில் இருக்கக்கூடாது என்று ஒரு கணம் நினைத்தேவிட்டாள். உடனே தங்கையாவின் மனைவி ஆறாயி ஞாபகத்துக்கு வந்தாள். "கொப்பி அடிச்சு அடிச்சு புள்ள இளைச்சுப் போச்சு" என்று, கணவருக்குக் கொண்டுவந்த சோற்றில் பாதியை இவளுக்குப் பிரித்துக் கொடுத்தவள். யசோதினிக்கு வெட்கத்தில் காது சுட்டது.

ஒழுங்கைக் குழாயடியில் ஒரு ஆள் தலையிலிருந்து நெஞ்சுவரை சவர்க்கார நுரையோடு குந்தியிருந்தார்.

"தங்கையா!"

"ஐயோ, மிஸ்ஸா?" அவர் அவசரமாகத் துவாயைத் தேடினார். "என்னா மிஸ், இந்தப் பக்கம்?"

புளோறன்ஸ் மிஸ்ஸுக்குச் சிரிப்பும் கோபமும் சேர்ந்து வந்தன. "மனுசர் பதறிக்கொண்டு வாறம், இவர் இங்க மாப்பிள்ளைக் குளிப்புக் குளிக்கிறார்! ஏன் திருப்பி அடிக்கேல்லை?"

"அடிச்சேனே! ஒரு மணி முடியல, இந்தப் பாப்பா எடுத்து இங்கிலீசுல கேட்டிச்சு. நான் என்னத்தச் சொல்றது? வந்து சேந்ததுதான் தெரிஞ்சிபோச்சேன்னு வச்சிட்டேன். கடைக்காரன் வேற, பேசாத பேச்சுக்குச் சல்லி வாங்கிட்டான்."

யசோதினியும் சிரித்துவிட்டாள். மூன்று பேரும் சிரித்தார்கள். குழாய் ஒழுகிக்கொண்டிருந்தது. முதலில் நிறுத்தியது தங்கையாதான். கண்ணில் வழிந்த நுரையைப் புறங்கையால் துடைத்தார்.

"அப்ப, பற்றிக் தம்பி?"

 அவர் இரண்டு வாளித் தண்ணீரைத் தலையில் கவிழ்த்து, சேர்ட்டை மாட்டிக்கொண்டு கூடவே வந்தார். "நீங்க வீட்டில நில்லுங்கோ" என்று புளோறன்ஸ் மிஸ் சொன்னது அவருக்குக் கேட்காததுபோல இருந்தது.

ஒபிசுக்கு வந்து லொட்ஜுக்கு அடித்தார்கள். என்கேஜ். ராசிக் வீட்டுக்கு அடித்தார்கள். துறைமுகத்திலிருந்து வந்ததும் பொலிசில் கதைக்கச் சொல்கிறேன் என்று மகள் றஸ்மியா சொன்னாள். லொட்ஜுக்கு இன்னொருமுறை. என்கேஜ்.

"இனிக் காணும். லைனை விடுவம். அவன் அடிக்கிறதெண்டாலும் இடம் வேணுமே" என்று புளோறன்ஸ் மிஸ் ரிசீவரைத் தாங்கியில் வைத்தார்.

மூவரும் மேசையைச் சுற்றி இருந்தார்கள். யசோதினி தன் கைகள் இரண்டையும் தொடைகளுக்கு அடியில் வைத்து அவற்றின்மேல் உட்கார்ந்துகொண்டாள். தங்கையாவின் காதுக்குப் பின்னால் கழுவ விட்டுப்போன சவர்க்காரம் வெள்ளையாகக் காயத் தொடங்கியிருந்தது.

ரெலிபோன் அடித்தது.

"ஒண்ணு" என்றார் தங்கையா.

இரண்டாவது அடித்தது. அவர் முகம் மலர்ந்தது. புளோறன்ஸ் மிஸ் கண்ணை மூடிக்கொண்டு சிலுவை போட நெற்றிக்குக் கையைக் கொண்டுபோனார்.

மூன்றாவது அடித்தது.

நாலாவதும் அடித்தது. நாலு ஒருவருடைய பங்கும் இல்லை; இது எடுக்க வேண்டிய மணி. தங்கையாவின் வாய் இன்னும் திறந்தபடியே இருந்தது. புளோறன்ஸ் மிஸ்ஸின் விரல்கள் நெற்றியிலேயே நின்றுவிட்டன. கண்ணைத் திறந்து யசோதினியைப் பார்த்தார்.

அவள் எழும்ப முயன்றாள். கைகள் இரண்டும் விறைத்து, ஆயிரம் ஊசி குத்தியதுபோல இருந்தன. மணி அடித்துக்கொண்டே இருந்தது.