அண்ணியின் வெள்ளிக்கிழமை

1

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து பிறந்தது. பொய் என்னுடையதல்ல, அண்ணியுடையது. (கதை எழுதுகிறவன் இப்படிச் சொன்னால் நீங்கள் நம்ப வேண்டியதில்லை. நானாக இருந்தால் நம்ப மாட்டேன்.)

அண்ணனும் அண்ணியும் ஒரே துறையில் ஆய்வாளர்கள். சாக்கடை நீரை அள்ளி வந்து கொசுப்புழுக்களை எண்ணுவது அண்ணி. அந்தக் கணக்கு நம்பத் தகுந்ததா என்று குடைந்து குடைந்து பார்ப்பது புள்ளியியல்காரரான அண்ணன். சந்தேகப்படுவதற்காகவே ஒருவருக்கு மாதச் சம்பளம் கொடுத்தால், அவர் அதை அலுவலகத்திலேயே கழற்றி வைத்துவிட்டு வீட்டுக்கு வருவார் என்று எதிர்பார்க்க முடியாது.

2

முதலில் எழுதிய தொடக்கம்: வெள்ளிக்கிழமை நெருங்க நெருங்க, அவள் ஜன்னல் வழியே வெளியே வெறித்துக்கொண்டு—

அடித்துவிட்டேன். அண்ணி எதையும் வெறிப்பவர் அல்ல, அதற்கு நேரமும் இல்லை. இன்னொன்று: காலம் என்பது ஆய்வாளர்களுக்கு—

இது கட்டுரை. அடுத்த வரிக்குள் உங்களுக்குக் கொட்டாவி வந்துவிடும்.

நடந்ததையே சொல்கிறேன். வேலைகளை வரிசைப்படுத்த அண்ணனுக்கு ஒரே வழிதான் தெரியும்: எது கழுத்தை நெரிக்கிறதோ அது முதலில். விடைத்தாள், பக்கத்து அறைக்காரர் கேட்ட வரைபடம், யாரோ கருத்துக் கேட்டு அனுப்பிய கட்டுரை எல்லாம், அண்ணியின் கட்டுரைகளுக்கு அவர் போட்டுத் தர வேண்டிய கணக்குக்கு முன்னால் போய் நின்றுவிடும். மனைவியின் வேலைதானே, எங்கே ஓடிவிடப் போகிறது? அதனால் அண்ணி கெடுவை ஒரு வாரம் முன்தள்ளிச் சொல்ல ஆரம்பித்தார். சில தடவை அண்ணன் அரக்கப் பரக்க முடித்துக் கொடுத்தார். பிறகு கண்டுபிடித்துவிட்டார். அதிலிருந்து அண்ணி எந்தத் தேதி சொன்னாலும் மனதுக்குள் ஒரு வாரம் கூட்டிக்கொள்கிறார். (இப்படி ஒரு குடும்பம் நடக்குமா என்று கேட்காதீர்கள். நன்றாகவே நடந்தது.)

3

இந்த முறை அண்ணி சொன்னது உண்மையான தேதி.

எனக்கெப்படித் தெரியும்? அண்ணி என் வீட்டில் மறந்து வைத்துவிட்டுப் போன கண்ணாடியைக் கொடுக்கத் துறைக்குப் போயிருந்தேன். துறைத் தலைவர் என் எதிரிலேயே அண்ணியிடம் சொன்னார்: "வர்ற வெள்ளிக்குள்ள கட்டுரை போகலன்னா, உங்க வேலையை நீட்டிக்கச் சொல்லி என்னால கேக்க முடியாதும்மா." இவரும் ஒரு வாரம் முன்தள்ளுகிறாரோ என்று முகத்தைப் பார்த்தேன். உண்மையாகவே வருத்தப்பட்டுக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் அவர்கள் வீட்டுச் சமையலறையில் நானும் இருந்தேன்.

"வெள்ளிக்கிழமைதாங்க கடைசி. உங்க அட்டவணை மட்டும்தான் பாக்கி."

"சரி சரி. எந்த வெள்ளி?"

"வர்ற வெள்ளி."

அண்ணன் சிரித்தார். "தலைவர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கட்டுமா?"

"தாராளமா கேளுங்க. பொண்டாட்டி பேச்சை நம்ப மாட்டேன்னு டிபார்ட்மெண்டுக்கே சொல்லிட்டு வாங்க."

"நீதானே இப்படிப் பழக்கி வச்சிருக்கே?"

அண்ணி அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் கிளம்பும்போது வாசல் வரை வந்தார்.

"தம்பி, தலைவர் சொல்லி நீ கேட்டதை அவர்கிட்ட சொல்லிடாதே. வேலை போனா போகட்டும். இந்த ஒரு தடவை, நான் சொன்னேங்கறதுக்காகச் செய்யட்டும்."

எனக்கு அண்ணி மேல் கோபம் வந்தது. பிழைப்பை வைத்தா சோதனை நடத்துவார்கள்? படிக்கட்டு இறங்குவதற்குள் கோபம் அண்ணன் மேல் திரும்பிவிட்டது.

4

முடிவு அ: அண்ணன் தானாகவே மனம் மாறி உட்கார்ந்து அட்டவணையை முடிக்கிறார். அண்ணனைத் தெரிந்த யாரும் இதை நம்ப மாட்டார்கள்.

முடிவு ஆ: அண்ணியே அரைகுறையாகக் கணக்குப் போட்டு அனுப்பிவிடுகிறார். அண்ணியைத் தெரிந்த யாரும் இதை நம்ப மாட்டார்கள்.

முடிவு இ: வேலை போய், வீட்டில் இருவரும் மிக மரியாதையாக—

இதை எழுதும்போதுதான் கைபேசி அடித்தது, அண்ணன். இன்று வியாழன், மத்தியானம். இப்போது உட்கார்ந்தாலும் அண்ணனால் நாளைக்குள் முடித்துவிட முடியும்.

"டேய், கண்ணாடி குடுக்க நீ டிபார்ட்மெண்டுக்குப் போனியாமே. தலைவர் ஏதாவது சொன்னாரா?"

பேனாவைக் கீழே வைத்தேன்.

"உங்க அண்ணி நாளைக்குத்தான் கடைசிங்கறா. நிஜமாடா? நீ சொன்னா நம்பறேன். இப்பவே உக்காந்துடறேன்."

நீ சொன்னா நம்பறேன். அண்ணி வேலையையே பணயம் வைத்துக் காத்திருக்கும் வார்த்தை. அண்ணன் அதை வெகு சுலபமாக எனக்குக் கொடுத்துவிட்டார். ஆமாம் என்று சொன்னால் அண்ணியின் வேலை தப்பும், ஆனால் யார் பேச்சைக் கேட்டு அண்ணன் உட்கார்ந்தார் என்பது அண்ணிக்கு இன்று சாயங்காலமே தெரிந்துவிடும். தெரியாது என்று சொன்னால் நாளையோடு வேலை போய்விடும், அண்ணி என்னை ஒரு வார்த்தை சொல்ல மாட்டார். இரண்டில் எதைச் செய்தாலும் எனக்குப் பயமாக இருக்கிறது.

"லைன்ல இருக்கியாடா?"

இதற்கு மேல் எழுத என்னால் ஆகாது. கைபேசியை உங்களிடம் கொடுக்கிறேன், நீங்கள் பேசுங்கள். என் குரலிலேயே பேசுங்கள், அவருக்குச் சந்தேகம் வந்துவிடப் போகிறது.