வாயிற்கூட்டத்து நிசப்தம்

எங்கள் ஒலிப்பொறியியல் கல்லூரியில் சேருகிறவர்கள் வீட்டிலிருந்து சொந்தமாக ஒரு நிசப்தம் கொண்டுவர வேண்டும். மைக், ஹெட்போன், மிக்ஸர், கணினி எல்லாம் கல்லூரி கொடுக்கும். நிசப்தம் கொடுக்காது. எந்தப் பதிவுக்கும் அடியில் ஒரு நிசப்தத்தை விரித்தாக வேண்டும். இல்லாவிட்டால் ஒரு பேச்சுக்கும் அடுத்த பேச்சுக்கும் நடுவே பள்ளம் விழும், கேட்கிறவர் அதில் தடுக்கி விழுவார்.

பெரும்பாலும் டிபன் பாக்ஸில்தான் கொண்டுவருவார்கள். மூடி இறுக்கமாக இருந்தால் போதும். என் பக்கத்து மேசை ஹசீனா, அவளுடைய அண்ணன் துபாய்க்குப் போன பிறகு வீட்டில் மிஞ்சியதைக் கொண்டுவந்திருந்தாள். இன்னொரு பையனுடையது தேர்வுக்கூடத்தில் எடுத்தது. கொஞ்சம் மின்விசிறி கலந்திருந்தாலும் பரவாயில்லை என்று சேர்த்துக்கொண்டார்கள்.

காலையில் சங்கு ஊதி முடிகிறவரை யாரும் பதிவு செய்ய மாட்டோம். நான் வேலை பார்த்த பஞ்சாலையின் சங்கு அது. ஆலையை இடித்து அடுக்குமாடி வீடுகள் கட்டி வெகுகாலம் ஆகிவிட்டது. சங்கு மட்டும் முதல் ஷிப்டுக்குத் தவறாமல் ஊதுகிறது. வீடு வாங்கினவர்கள் அதைக் கேட்டுத்தான் பிள்ளைகளைப் பள்ளிக்கு எழுப்புகிறார்கள்.

என் பெயர் சென்னியப்பன். ஆலைத் தொழிற்சங்கத்தில் இருந்தவன். பள்ளிக்கூடத்தில் கற்றது கொஞ்சம், துண்டறிக்கைகளில் கற்றது அதிகம். வாழ்நாளெல்லாம் ஆலை வாசலில் நடக்கும் வாயிற்கூட்டங்களில் பேசியிருக்கிறேன். என் பேச்சு மூன்றாவது வரிசையைத் தாண்டவில்லை என்பது கடைசியில்தான் தெரிந்தது. மைக்கை என் கையில் கொடுத்தவர்கள், சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகைத் தங்கள் கையில் வைத்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் ஊரில் பட்டம் இல்லாதவர் மிக்ஸரைத் தொடக்கூடாது. சாவதற்குள் ஒரு கூட்டத்திலாவது அந்தத் திருகின் மேல் என் விரல் இருக்க வேண்டும் என்றுதான் சேர்ந்தேன். இசையில் எனக்கு ஈடுபாடு கிடையாது.

என்னிடம் நிசப்தம் இல்லை என்று சொல்லி முதல் வருடத்தை ஓட்டினேன். பயிற்சிக்கு ஹசீனா தன்னுடையதில் அரை டம்ளர் ஊற்றிக் கொடுப்பாள். இரவல் நிசப்தம் பயிற்சிக்கு ஆகும், இறுதித் தேர்வுக்கு ஆகாது. விரிவுரையாளர் ஞானதுரை என்னைத் தனியாக அழைத்து, வாழ்க்கையில் ஒருமுறை கூட யாரும் உங்கள் முன்னால் பேசாமல் இருந்ததில்லையா என்று கேட்டார்.

இருந்தது. பெட்டியில், மடித்த கொடிக்கு அடியில், ஆலைக்குச் சோறு கொண்டுபோன தூக்குப்போசியில் வைத்திருந்தேன்.

ஆலையின் கடைசிப் போராட்டத்தில் பிடித்தது. அன்று நான் வாசலில் ஸ்டூல் மேல் ஏறி நின்று, தொடரலாமா தோழர்களே என்று கேட்டேன். ஆலையே எனக்கு முன்னால் நின்றது. கார்டிங், ஸ்பின்னிங், ரீலிங் என்று ஒரு பிரிவு பாக்கியில்லை. யாரும் பேசவில்லை. முன்வரிசையில் இருந்தவர்கள் தங்கள் செருப்பைப் பார்த்தார்கள். அந்த நிசப்தத்தை அப்படியே சோற்றுப் போசியில் அள்ளி மூடிக்கொண்டு இறங்கினேன். போராட்டம் விலக்கிக்கொள்ளப்பட்டது என்று அறிவித்துவிட்டு வீட்டுக்குப் போனேன். அதை மனைவியிடம்கூடக் காட்டியதில்லை.

ஞானதுரை போசியின் மூடியைத் திறந்தார். அளவுமானியின் முள் படுத்தது, எழவில்லை. ஏசி பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்த புறாக்கள் முனகுவதை நிறுத்தின. அவர் வெகுநேரம் ஹெட்போனைக் கழற்றவில்லை.

“இத்தன பேரு ஒண்ணாச் சேந்து பேசாம இருந்தது இப்பக் கெடைக்கறதில்லீங்க,” என்றார். “இப்பெல்லாம் அவங்கவங்க தனித்தனியாத்தான் பேசாம இருக்கறாங்க.”

கல்லூரி அதை வாங்கிக்கொள்ளும் என்றும், விளம்பரம், சினிமா எல்லாவற்றுக்கும் அடியில் விரிக்கலாம் என்றும் சொன்னார். தேர்வுக்கு நான் செய்யவேண்டியது அதைத் துடைத்துக் கொடுப்பது மட்டும். பட்டம் உறுதி. நான் கணினியில் ஏற்றி, திரையில் ஓடிய ஒலிக்கோட்டைப் பார்த்துக்கொண்டே போனேன். தார்ச்சாலை போலத் தட்டையாக இருந்த கோட்டில், முடியப்போகும் இடத்தில், உளுந்து அளவுக்கு ஒரு புடைப்பு இருந்தது. அதைக் கூட்டி வைத்துக் கேட்டேன். பஞ்சுத்தூசு ஏறிய நெஞ்சிலிருந்து ஓர் இருமல். அதன்பின் ஒரு பெண்குரல். தொடரலாங்க.

திரும்ப ஓட்டினேன். தொடரலாங்க.

ஹசீனா தன் ஹெட்போனை என் இணைப்பில் செருகிக் கேட்டாள்.

“அங்கிள், உங்களுக்கு யாரோ பதில் சொல்லியிருக்காங்க.”

ஞானதுரை அதைக் குறை என்றார். நல்ல சரக்கில் ஒரு தூசு. அந்த இடத்தை வெட்டிவிட்டுப் பக்கத்திலிருக்கும் நிசப்தத்தில் கொஞ்சம் எடுத்து ஒட்டினால் தெரியாது, முதல் வருடப் பிள்ளைகளே செய்துவிடுவார்கள் என்றார்.

எனக்கு அதில் ஒரு சிக்கல் இருந்தது. ஒரே ஒரு தொழிலாளி தொடரலாம் என்றாலும் போராட்டத்தை விலக்கக்கூடாது என்பது எங்கள் சங்கத்தின் விதி. நான்தான் எழுதினேன். அப்போது அது கேட்க நன்றாக இருந்தது.

இருமலை வைத்து ஆளைக் கண்டுபிடித்தேன். கோன் வைண்டிங் பிரிவில் நூல் சுற்றிய பழனாத்தாள். ஒண்டிப்புதூரில் மகன் வீட்டில் இருந்தாள். மருமகள் கதவைத் திறந்து, அத்தையைப் பார்க்க வந்தீர்களா, அத்தை ஸ்ட்ரைக்கில் இருக்கிறார்கள், எனக்குக் கல்யாணம் ஆன நாளிலிருந்து ஒரு டம்ளர் கழுவினதில்லை என்று சொல்லிவிட்டு, எனக்கும் சேர்த்துக் காபி வைக்கப் போனாள். மகன் தன் கடையில் கல்லாவில் உட்காரக் கூப்பிட்டும் அவள் போகவில்லையாம். போராட்டத்தில் இருக்கிறவள் வேறு வேலைக்குப் போவது முறையில்லை என்றாளாம்.

பழனாத்தாள் பாயில் உட்கார்ந்திருந்தாள். சங்கச் சேலைதான் கட்டியிருந்தாள். சிவப்பு வெளுத்துச் செங்கல் நிறமாகியிருந்தது.

“நீங்க கேட்டீங்க, தோழர். நான் தொடரலாங்கன்னேன்,” என்றாள். “இருமல் கொஞ்சம் முந்திக்கிச்சு. அதுக்குள்ள நீங்க ஸ்டூல வுட்டு எறங்கீட்டீங்க.”

அறிவிப்பு வந்ததே, கேட்கவில்லையா என்றேன். கேட்டதாகவும், விதிப்படி அது செல்லாது என்பதால் விட்டுவிட்டதாகவும் சொன்னாள். என்றைக்காவது நான் வருவேன் என்று தெரியுமாம். நான் தேர்வைப் பற்றியும் பட்டத்தைப் பற்றியும் மிக்ஸரின் திருகைப் பற்றியும் சொன்னேன். அந்தக் குரலை மட்டும் வெட்டி எடுத்தால் எனக்குக் கிடைத்துவிடும் என்றேன். அவள் காபியைக் கீழே வைத்தாள்.

“எடுத்துட்டா நான் சொல்லவே இல்லீன்னு ஆயிருமுங்களா?”

“ஆயிரும்.”

“அப்ப இத்தன வருசமா நான் சும்மாவே ஒக்காந்திருந்தேன்னு ஆயிரும். இந்தப் புள்ள சொல்றது நெசமாயிரும்.” சமையலறைப் பக்கம் தலையை ஆட்டினாள். “உங்களுக்கு அந்தத் திருகு வேணுமின்னா எடுத்துக்கங்க, தோழர். எனக்கு இது ஒண்ணுதான் இருக்குது.”

திரும்பும் பேருந்தில் எனக்கு உட்கார இடம் கிடைத்தது. கிடைத்தும் களைப்புத் தீரவில்லை. மற்றவர்கள் சம்பளம் வாங்கி, வீடு கட்டி, பிள்ளைகளைப் பொறியாளராக்கி ஓய்ந்துவிட்டார்கள். நான் விலக்கிக்கொண்ட போராட்டத்தை ஒருத்தி தனியாக நடத்திக்கொண்டிருந்திருக்கிறாள். அதற்கு நான் ஒரு தட்டிகூட எழுதிக் கொடுக்கவில்லை.

தேர்வன்று நிசப்தத்தைக் குரலோடு சேர்த்தே வைத்தேன். ஞானதுரை ஒருமுறை கேட்டார், மறுமுறை கேட்டார். பேச்சு கலந்த நிசப்தத்துக்கு மதிப்பெண் போட வழியில்லை என்று வருத்தத்தோடு சொல்லிப் போசியைத் திருப்பிக் கொடுத்தார். அவர் நல்ல மனிதர். அவருக்கு எந்தச் சங்கமும் இல்லை.

ஹசீனா வாசல்வரை வந்தாள். அவள் தேறிவிட்டாள்.

“உங்க கூட்டத்துக்கு நான் வர்றேன் அங்கிள். எல்லாத் திருகையும் மேல ஏத்தி வெச்சிட்டு டீ குடிக்கப் போயிடறேன். யாரும் கொறைக்க முடியாது.”

வேண்டாம், இப்போதைக்கு இரண்டு பேர்தான், மைக் இல்லாமலே கேட்கும் என்றேன்.

மறுநாள் விடிந்ததும், நான் சொல்லியனுப்பியபடி, பழனாத்தாள் பாயோடு வந்தாள். மருமகள் ஆட்டோவில் கொண்டுவந்து விட்டுவிட்டு, மத்தியானச் சாப்பாட்டுக்கு வருவேன் என்று சொல்லிப் போனாள். அடுக்குமாடியின் வாசலில், ஆலையின் வாசல் இருந்த அதே இடத்தில், காவலாளி எங்களுக்குச் சிறிது நிழல் பார்த்துக் கொடுத்தார். நான் அவருடைய ஸ்டூலை வாங்கி ஏறி நின்றேன். முட்டி வலித்தது. போசியின் மூடியைத் திறந்து வைத்துவிட்டு, தொடரலாமா தோழர்களே என்று கேட்டேன். அந்த நிசப்தம் முழுவதும் வெளியே வரும்வரை இந்தமுறை இறங்காமல் நின்றேன். கடைசியில் இருமலும் குரலும் வந்தன. போராட்டம் தொடர்கிறது என்று அறிவித்தேன்.

முதல் ஷிப்டு நேரம் வந்தது. சங்கு ஊதவில்லை.

நேரம் போயிற்று. மேலே எந்த ஜன்னலும் திறக்கவில்லை. பள்ளி வேன் வந்து ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டுக் காலியாகத் திரும்பியது.

“சங்கும் வந்திருச்சுங்க,” என்று பழனாத்தாள் பாயில் நகர்ந்து உட்கார்ந்து இடம் விட்டாள்.