சத்தியம் செய்து எடை இழந்தவன்

விசுவாசப் பிரமாணத்தைச் சொல்லி முடித்ததும் லெமுவல் கிரலின் கால்கள் பெல்லமி ஸ்டேஷன் பிளாட்பாரத்தை விட்டு ஒரு சாண் உயர்ந்தன. அமெரிக்க உள்நாட்டுப் போரில், டென்னஸியில் சோளமாவு விலை மறுபடி ஏறியிருந்த வாரம் அது. பிரமாணம் செய்துவைத்த நீலச் சட்டை அதிகாரி குனிந்து அந்த இடைவெளியைப் பார்த்துவிட்டு, "அடுத்த ஆள் வா" என்றார்.

லெமுவல் ரயில்பாதை கேங்மேன். தெற்குப் படையின் சாம்பல் சட்டைக்காரர்கள் ஊரைப் பிடித்தால் தண்டவாளத்தைப் பெயர்த்து, நெருப்பில் காய்ச்சி, மரத்தைச் சுற்றி வளைப்பான். வடக்குப் படையின் நீலச் சட்டைக்காரர்கள் பிடித்தால் அதே இடத்தில் புதிதாகப் போடுவான். சுத்தியலைத் தொடுமுன் பைபிளில் கைவைத்து, சாகும்வரை தங்களுக்கு மட்டுமே விசுவாசமாக இருப்பதாகச் சத்தியம் செய்யவேண்டும் என்பது இரு படைகளும் ஒத்துப்போன ஒரே விஷயம். அவனும் ஒவ்வொரு முறையும் மனசாரச் செய்தான். வினையே அதில்தான். ஒவ்வொரு சத்தியமும் அவன் உடம்பிலிருந்து கொஞ்சம் எடையை எடுத்துக்கொண்டு போனது. அவன் படுத்தால் கட்டில் முனகாமல் போனதை முதலில் கவனித்தவள் மனைவி பெர்மீலியா. பன்றிக்கொழுப்பைப் பொரித்துப் பொரித்துப் போட்டும் பலனில்லை. பெண்களிடம் விசுவாசம் கேட்கும் அளவுக்கு எந்தப் படைக்கும் மூளை வேலை செய்யாததால் அவள் எடை அப்படியே இருந்தது. அவன் கோட்டின் ஓரங்களில் தண்டவாள ஆணிகளை வைத்துத் தைத்து, அவனைத் தரையில் நடமாட வைத்தாள்.

சண்டை பெரும்பாலும் ஸ்டேஷன் தண்ணீர்த் தொட்டியோடு நடந்தது. இரு பக்கத்துத் தோப்புகளிலிருந்தும் சுட்டார்கள், தொட்டி ஒழுகியது, இரு தரப்பும் வெற்றி என்று தந்தி அடித்தார்கள். நடுவில் செத்த பையன்களை, சட்டை நிறம் பார்க்காமல், லெமுவல்தான் பாதையோரம் புதைத்தான். அதற்கு யாரும் சத்தியம் கேட்கவில்லை.

ஓர் இலையுதிர்காலக் காலையில் திரும்பிவந்த கேப்டன் ட்ரூவிட், பளபளக்கும் புதுத் தண்டவாளத்தைப் பார்த்ததும் சாம்பல் சட்டை வியர்க்கக் கத்தினார். துரோகம்; தூக்கு. லெமுவலின் கழுத்தில் சுருக்கு மாட்டித் தொட்டியடியில் பலகைமேல் ஏற்றினார்கள். இரும்பு ராணுவத்துக்குச் சொந்தம் என்ற விதிப்படி கோட்டிலிருந்த ஆணிகளையும் பிடுங்கிக்கொண்டார்கள். கைகளைக் கட்டக் கயிறு பற்றவில்லை.

"கேப்டன் ஐயா, அந்தாளு ரெண்டு பக்கமும் சொன்னதத்தானே செஞ்சாரு. ஒருத்தராவது செய்யாதன்னு சொன்னீங்களா?" என்றாள் பெர்மீலியா.

"சுதந்திரத்துக்காக ரத்தம் சிந்துறோம்மா. உனக்கெல்லாம் அது புரியாது" என்றார் கேப்டன். அவருடைய குதிரையைப் பிடித்தபடி பக்கத்தில் நின்ற ஐசம், மெம்ஃபிஸ் சந்தையில் கேப்டனின் அப்பா விலைக்கு வாங்கிய ஆள்.

பலகையை உருவி, அவனை அழுத்திப் பிடித்திருந்த கைகளை எடுத்தார்கள். லெமுவல் விழவில்லை, மெதுவாக மேலே போனான்.

"சுருக்க இடுப்புக்கு இறக்கிக்கய்யா, கழுத்த இறுக்கிடப்போகுது!" என்று பெர்மீலியா கத்தினாள். அப்படியே செய்துகொண்டு, கயிற்றின் நீளத்துக்குத் தொட்டிக்கு மேலே நின்றான். மேல்நோக்கிப் போகிறவனைத் தூக்கிலிட்டதாகக் கணக்கா என்று கேப்டனும் சார்ஜெண்டும் அண்ணாந்தபடியே விவாதித்தார்கள். பட்டாளமே அண்ணாந்திருந்தது. ஐசம் மட்டும் அண்ணாந்து பார்க்கவில்லை. குதிரையில் ஏறினார், பாதையோரமாகவே வடக்கே போனார்.

கேப்டன் குனிந்தபோது குதிரையும் இல்லை, ஆளும் இல்லை.

"டேய் கிரல்! அங்கேருந்து என் குதிரை தெரியுதா?"

பாலத்தைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தவர் லெமுவலுக்கு நன்றாகவே தெரிந்தார். கேட்டதற்கெல்லாம் தலையாட்டியே பழகியவன் பாலத்திலிருந்து பார்வையைத் திருப்பிக்கொண்டான்.

"தெரியலீங்க."

"சத்தியமா?"

"சத்தியமெல்லாம் வேணாமுங்க. தெரியலன்னா தெரியல."

சொன்ன மாத்திரத்தில் அவன் கீழிறங்கத் தொடங்கினான். ஸ்டேஷன் கூரை உயரத்தில் நின்றான். வாழ்க்கையில் அவன் சொன்ன கனமான பொய் அது ஒன்றுதான். வடக்கே தோப்பில் நீலச் சட்டைகளின் துப்பாக்கிச் சத்தம் கேட்டது. கேப்டன் நடந்தே பின்வாங்கி, வெற்றி என்று தந்தி அடித்தார். பெர்மீலியா கயிற்றை அவிழ்த்துத் தன் கையில் சுற்றிக்கொண்டு கணவனை வீட்டுக்கு இழுத்துப் போனாள்.

போர் முடிந்ததும் மன்னிப்புப் பிரமாணம் வாங்க ஓர் அதிகாரி வீடு தேடி வந்தார். இதைச் செய்தால் ஓட்டுரிமை கிடைக்கும் என்றார்.

"இன்னொன்னு செஞ்சாருன்னா ஆளே கிடைக்கமாட்டாரு. ஓட்ட நீங்களே வச்சுக்குங்க" என்று கதவைச் சாத்தினாள் பெர்மீலியா.

அதன்பிறகு லெமுவல் சிக்னல் விளக்குகளைத் துடைக்கும் வேலைக்குப் போனான். ஏணிச் செலவு மிச்சம் என்று ரயில் கம்பெனிக்குப் பரம திருப்தி. ஊரில் அவனைப் பற்றிய புகார் ஒன்றே ஒன்றுதான்: பின்கட்டில் பெண்கள் தலை உலர்த்தும்போது அந்தப் பக்கமாக மிதந்து போகிறவன் முன்கூட்டியே ஒரு கனைப்புக் கனைக்கக் கூடாதா? அன்றிலிருந்து கனைத்துக்கொண்டே போனான்.